முன்னே பின்னே

நம் ஊரில் தினமும் அதிகம் கேட்கப்படுகிற கேள்விகளில் இதுவும் ஒன்று: "உத்தேசமா எவ்வளவு ஆகும்?"

பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "கரெக்டா சொல்ல முடியாது சார். ஒரு நாப்பதாயிரம் வெச்சுக்குங்க. முன்னே பின்னே இருக்கும்."

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர், கல்யாணச் சமையல்காரர், கார் மெக்கானிக் எல்லோரும் இந்த 'முன்னே பின்னே'யை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். நாற்பது சொன்னது ஐம்பதில் வந்து நிற்கும். முகத்தைச் சுளிப்போம். "என்னங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்போம். பேரம் பேசி நாற்பத்தேழில் முடித்து, காபியும் கொடுத்து அனுப்புவோம். யாருக்கும் பெரிய காயமில்லை. உத்தேசம் சொன்னவர், கேட்டவர் இரண்டு பேருமே வளர்ந்த மனிதர்கள். நேருக்கு நேர் நின்று பேசினார்கள். வந்த வித்தியாசத்தையும் அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

உத்தேசம் சொல்வது ஒருவர், அதைக் குறித்துக்கொள்வது இன்னொருவர், விளைவை அனுபவிப்பது மூன்றாவதாக ஒருவர் என்றால்? அந்த மூன்றாவது ஆளுக்கு வயசு எட்டு என்றால்?

ஆஸ்திரேலியாவில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. எனக்குத் தெரிந்து 'உத்தேச' வருமானத்தை வைத்து இவ்வளவு விரிவாகக் கணக்குப் போடும் தேசங்கள் அதிகமில்லை. அந்தக் கணக்குக்குள் ஒரு நியாய அநியாயக் கேள்வி ஒளிந்திருக்கிறது. நம் ஊருக்கும் பொருந்துகிற கேள்வி. அதற்காகத்தான் இந்த வாரம் இத்தனை தூரம் போகிறோம்.

அங்கே அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டால், தாலி கட்டினார்களா இல்லையா என்றெல்லாம் கேட்பதில்லை. குழந்தை இருக்கிறதா? அதன் செலவில் இருவருக்கும் பங்குண்டு. முன்பெல்லாம் இதற்கும் கோர்ட் படியேற வேண்டியிருந்தது. கோர்ட் விதித்த தொகை சொற்பம், அதுவும் ஒழுங்காகக் கைக்கு வராது. எனவே 1988, 1989 ஆண்டுகளில் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார்கள். நீதிபதியின் இடத்தில் ஒரு ஃபார்முலா வந்து உட்கார்ந்தது. 2008 ஜூலையிலிருந்து அதைத் திருத்தி, அம்மா, அப்பா இருவர் வருமானத்தையும் கூட்டி, குழந்தையின் வயசையும் அது யாரிடம் எத்தனை இரவு தங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்கிற அரசு அலுவலகம்தான் இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஃபார்முலாவுக்குத் தீனி வேண்டுமே? அதன் தீனி வருமானம். எந்த வருமானம்? வரித்துறைக்குக் காட்டிய போன வருஷத்து வருமானம். வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. போன வருஷம் நன்றாகச் சம்பாதித்தவருக்கு இந்த வருஷம் வேலை போயிருக்கலாம். போன வருஷக் கணக்கில் இந்த வருஷம் பணம் கேட்டால் அவர் எங்கே போவார்?

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இந்த வருஷ வருமானம் 15 சதவீதமாவது குறையும் என்றால், "எனக்கு இவ்வளவுதான் வரும்" என்று ஓர் எஸ்டிமேட் கொடுக்கலாம். ஏற்றுக்கொண்டால் அன்றிலிருந்து அந்தத் தொகையை வைத்துத்தான் ஜீவனாம்சம். வருஷம் முடிந்து வரி ரிட்டர்ன் தாக்கலாகி நிஜமான வருமானம் தெரிந்ததும், சொன்னதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். குறைத்துச் சொல்லியிருந்தால் வித்தியாசத்தைப் பாக்கியாக எழுதி வசூலிப்பார்கள். ரொம்பக் குறைத்திருந்தால் அபராதம் போடவும் சட்டத்தில் இடமுண்டு.

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? மனிதாபிமானமும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்கு சுலபமாக வருவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

மெல்பர்னில் ஒரு பெயின்டர். மனைவியைப் பிரிந்தவர். எட்டு வயசுப் பையன் அம்மாவிடம். போன வருஷம் அவருக்கு 80,000 டாலர் வருமானம். மாசம் 700 டாலர் கொடுத்துவந்தார். அவர்களுடைய நிதியாண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது. 2023 ஜூலையில் கட்டட வேலை மந்தம். "இந்த வருஷம் 50,000 தேறினாலே அதிகம்" என்று எஸ்டிமேட் கொடுக்கிறார். மாசம் 400 டாலர் என்று குறைகிறது. 2024 பிப்ரவரியில் பெரிய கான்ட்ராக்ட் ஒன்று மாட்டுகிறது. ஜூன் 30-ல் கூட்டிப் பார்த்தால் 76,000 டாலர். உண்மையில் மாசம் 650 கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வருஷத்துக்கான ரிட்டர்னைச் சொந்தமாகத் தாக்கல் செய்தால் அக்டோபர் 31 கடைசி. ஏஜென்ட் மூலம் செய்தால் அடுத்த மே மாசம் வரைகூடத் தள்ளலாம். நம் ஆள் 2025 மே மாசம் தாக்கல் செய்கிறார். பிறகு கடிதம் வருகிறது. மாசம் 250 வீதம் பன்னிரண்டு மாசத்துக்கு 3,000 டாலர் பாக்கி. அவர் நல்ல மனுஷன். முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறார். ஃபைல் மூடப்படுகிறது.

மூடப்பட்டதா?

அக்கவுன்டன்ட்டைக் கேட்டால், "பற்றும் வரவும் சரியா இருக்கு சார், மூடியாச்சு" என்பார். வணிகவியல் படித்தவன் என்கிற முறையில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையனுக்கு இப்போது பத்து வயசு நெருங்குகிறது. எட்டு வயசில் நீச்சல் கிளாஸ் கேட்டான். "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா" என்றாள் அம்மா. ஸ்கூல் கேம்ப்புக்கு அவன் மட்டும் போகவில்லை. ஷூ ஒரு சைஸ் சின்னதாகி இரண்டு மாசம் விரலை மடக்கிக்கொண்டு நடந்தான். அம்மா கிரெடிட் கார்டைத் தேய்த்தாள், வட்டி கட்டினாள். இன்று மொத்தமாக 3,000 டாலர் வருகிறது. நீச்சல் கிளாஸில் சேர்க்கலாம். எட்டு வயசில் சேர்க்க முடியாது. பதினெட்டு வருஷம்தான் பிள்ளைப் பருவம் என்று வைத்தால், இரண்டு வருஷம் என்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. பெரியவர்களான நமக்கு இரண்டு வருஷம் ஒரு டயரி மாற்றுகிற விஷயம்.

இதை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊர் வருமான வரியில் அட்வான்ஸ் டாக்ஸ் என்று ஒன்றிருக்கிறது. அதுவும் உத்தேசம்தான். இந்த வருஷம் எவ்வளவு வரும் என்று நீங்களே கணித்து ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ம் தேதிகளில் தவணை கட்டவேண்டும். கணிப்பு தப்பிக் குறைத்துக் கட்டிவிட்டால், குறைந்த தொகைக்கு மாசம் 1 சதவீதம் வட்டி. பொதுவாக, "வேணும்னு குறைச்சீங்களா, தெரியாம குறைச்சீங்களா?" என்று வட்டி கேட்பதில்லை. அரசாங்கத்தின் பணம் உங்களிடம் இருந்தது, அதற்கு வாடகை. அவ்வளவுதான்.

நம் உதாரணத்துப் பையனின் பணமும் அப்பாவிடம் இருந்தது. அதற்கு வாடகை? கிடையாது. அபராதம் விதித்தாலும் அது அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. தனக்கு வரவேண்டியது தாமதமானால் வட்டி கேட்பது எந்த அரசாங்கத்துக்கும் தெரிந்த வித்தை. எட்டு வயசுக்காரனுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. தான் கடன் கொடுத்திருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

என் கட்சியின் முதல் பாதி இது. குறைத்துச் சொன்ன உத்தேசம், குழந்தையிடம் கேட்காமல் வாங்கிய கைமாற்று. திருப்பிக் கொடுத்ததற்காகப் பெருமைப்படலாம். வாங்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

"நிறுத்துங்க சார். அந்தப் பெயின்டர் என்ன தப்பு செஞ்சார்? ஜூலையில வேலை இல்லைங்கறது உண்மைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டும். பிரிந்துபோன அப்பா என்றாலே வில்லன் என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. தினக்கூலி, கான்ட்ராக்ட், கமிஷன் என்று பிழைப்பவர்களுக்கு வருமானம் மாசாமாசம் ஒன்றாம் தேதி வந்து கதவைத் தட்டுவதில்லை. ஆஸ்திரேலிய ஃபார்முலாவில் அம்மாவின் வருமானமும் சேர்வதால், அவளும் எஸ்டிமேட் கொடுக்கலாம், அவளுடையதும் தப்பலாம்.

இங்கே பி.காம். பாடம் ஒன்று கைகொடுக்கிறது. வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்திருப்பீர்கள். கம்பெனியின் ரொக்கப் புத்தகத்தில் ஒரு இருப்பு, பேங்க்கின் பாஸ் புக்கில் வேறொரு இருப்பு. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கவேண்டும். வித்தியாசம் மூன்று விதமாக வரும். ஒன்று, நேரம். செக்கைப் போட்டாச்சு, இன்னும் கலெக்‌ஷன் ஆகவில்லை. இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை, ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு, பிழை. 54 என்பதை யாரோ 45 என்று எழுதிவிட்டார்கள். மூன்று, கேஷியர் கைவைத்துவிட்டார். தொகை ஒன்றாகவே இருக்கலாம். முதலாவதற்குக் காத்திருப்போம், இரண்டாவதைத் திருத்துவோம், மூன்றாவதற்கு போலீஸைக் கூப்பிடுவோம்.

ஜீவனாம்ச உத்தேசத்திலும் இந்த மூன்று ஜாதி உண்டு. கான்ட்ராக்ட் பின்னால் கிடைத்தது நேர வித்தியாசம். ஓவர்டைமைக் கூட்ட மறந்தது பிழை. வருமானத்தைத் தெரிந்தே மறைத்தது திருட்டு. வருஷக் கடைசியில் உட்கார்ந்து சரிக்கட்டும்போது முதலில் தெரிவது தொகை மட்டும்தான். 3,000 டாலர். அதன் ஜாதி அதன் நெற்றியில் எழுதியிருக்காது.

மூன்றும் நடக்கிறதா? நடக்கிறது. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மன் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஜீவனாம்சத்தை ஆயுதமாக்குகிறார்கள் என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். பணத்தைக் கொடுக்காமல் இழுப்பது, வருமானத்தைக் குறைத்துப் பொய் சொல்வது, வரி ரிட்டர்னே தாக்கல் செய்யாமல் உட்கார்ந்திருப்பது, மிரட்டுவது என்று பிரிந்த துணையைப் படுத்துகிற வழிகளை அது சொல்லியது. தன் கையிலிருக்கும் அதிகாரத்தை அலுவலகம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்றும் குற்றம்சாட்டியது. கவனியுங்கள், ரிட்டர்ன் தாக்கலாகும் வரை நிஜ வருமானம் தெரியாது. நிஜம் தெரியாமல் சரிக்கட்ட முடியாது. பூனைக்கு மணி கட்டும் பொறுப்பைப் பூனையிடமே கொடுத்த மாதிரி.

இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த ஊரில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட் என்று ஓர் உதவித்தொகை தருகிறது. ஜீவனாம்சம் ஒரு அளவுக்கு மேல் வந்தால், கூடுதலாக வரும் ஒவ்வொரு டாலருக்கும் அதில் 50 சென்ட் வெட்டுவார்கள். சரிக்கட்டும்போது ஜீவனாம்சம் பின்தேதியிட்டு ஏறினால் என்ன ஆகும்? "உனக்கு அப்போதே அதிகம் சேரவேண்டியிருந்தது, நாங்கள் கொடுத்த உதவித்தொகை ஜாஸ்தி, திருப்பிக் கொடு" என்று அம்மாவின் பெயரில் கடன் விழக்கூடும். உத்தேசம் சொன்னது ஒருத்தர், தப்பியது அவருடைய கணிப்பு, பில் வருவது இன்னொருத்தருக்கு!

அப்படியானால் பேசாமல் ஒரு தொகையை நிர்ணயித்து, திருத்தவே கூடாது என்று வைத்துவிடலாமா? அமெரிக்கா ஏறக்குறைய அதைத்தான் செய்துபார்த்தது. 1986-ல் பிராட்லி திருத்தம் என்று ஒரு சட்டம். கெடு தாண்டிய ஒவ்வொரு தவணையும் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், எந்த நீதிபதியும் அதைப் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. ஏமாற்றித் திரிந்த அப்பாக்களைப் பிடிப்பதற்காக வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் வேலையே இல்லாதவரைக்கூட, "உன்னால் இவ்வளவு சம்பாதிக்க முடியும்" என்று உத்தேசமாக மதிப்பிட்டுத் தொகை விதிக்கும் வழக்கமும் அங்கே பரவியிருந்தது. இரண்டும் சேர்ந்ததில், கட்டவே முடியாத கடன் ஏழைகள் தலையில் ஏறியது. தென் கரோலினாவில் ஒருவரைக் கையில் காசு இருக்கிறதா என்றுகூடத் தீர விசாரிக்காமல் பன்னிரண்டு மாசம் ஜெயிலில் போட்டார்கள். 2011-ல் அந்த நாட்டு உச்சநீதிமன்றம் அது முறையல்ல என்று சொல்லியது. ஜீவனாம்சம் ஆளின் நிஜமான சம்பாத்தியத்தையும் கட்டும் சக்தியையும் ஒட்டி இருக்கவேண்டும் என்று 2016 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. ஜெயிலில் இருக்கும் அப்பாவிடமிருந்து குழந்தைக்கு ஷூ வராது என்பதைப் புரிந்துகொள்ள முப்பது வருஷம் ஆயிற்று.

சரிக்கட்டுவதை மொத்தமாக மெஷினிடம் விட்டால்? ஆஸ்திரேலியாவே அதையும் செய்து சூடுபட்டிருக்கிறது. அது ஜீவனாம்சம் இல்லை, அரசாங்க உதவித்தொகைகள் சம்பந்தப்பட்டது. ரோபோடெட் என்று பெயர். 2015-லிருந்து 2019 வரை, ஒரு ஆளின் வருஷ வருமானத்தை இரண்டு வாரங்களுக்கு ஒன்றாகச் சமமாகப் பங்கிட்டு, "நீ சொன்னதும் இதுவும் ஒத்துப்போகவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று லட்சக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் சும்மா என்று இருந்தவர்கள் உண்மையைச் சொல்லியும் பொய்யர்கள் ஆனார்கள். 2023-ல் ராயல் கமிஷன் அந்தத் திட்டத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியது. சராசரி என்பதும் உத்தேசம்தான். அரசாங்கம் சொன்னால் அது நிஜமாகிவிடாது.

ஆக, சரிக்கட்டாமல் இருந்தாலும் அநியாயம் நடக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சரிக்கட்டினாலும் நடக்கிறது. பிறகு எதைப் பிடித்துக்கொள்வது?

என் கட்சியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். ஜூலையில் அந்தப் பெயின்டர் 50,000 என்றது பொய்யில்லை. அவருக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் பிப்ரவரியில் கான்ட்ராக்ட் கையெழுத்தாகி அட்வான்ஸ் பேங்க்கில் விழுந்த அன்று, உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அந்த எஸ்டிமேட் தப்பு என்று தெரியும். அவருக்கு. அம்மாவுக்குத் தெரியாது, அலுவலகத்துக்குத் தெரியாது, பையனுக்கு நிச்சயம் தெரியாது. அங்குள்ள ஏற்பாட்டில் நடுவிலேயே புது எஸ்டிமேட் கொடுக்கலாம், வருமானம் மாறினால் சொல்லவும் சொல்கிறார்கள். சொல்லியிருந்தால் வருஷத்தின் மிச்ச மாசங்களுக்காவது தொகை ஏறியிருக்கும். அவர் சொல்லவில்லை. "எப்படியும் கடைசியில கணக்குப் பார்ப்பாங்க, அப்போ குடுத்துக்கலாம்."

அந்த வாக்கியத்தில்தான் எனக்கு ஆட்சேபணை. ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை இருந்தது நேர வித்தியாசம். பிப்ரவரிக்குப் பிறகும் அதே தொகைதான் மாசாமாசம் குறைந்தது, அதே லெட்ஜர்தான், ஆனால் ஜாதி மாறிவிட்டது. அவர் புதிதாக ஒரு பொய்யும் சொல்லவில்லை. பழைய உண்மை பொய்யாகிப்போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வருஷக் கடைசியில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடே அந்த மௌனத்துக்கு ஒரு மெத்தை போட்டுக்கொடுக்கிறது.

"கான்ட்ராக்ட் நிலைக்குமான்னு அவருக்கே தெரியாதே?" வாஸ்தவம். ஒரு மாசம் பொறுத்துப் பார்க்கட்டும். இரண்டு மாசம்கூடப் பார்க்கட்டும். ஆனால் நிலைக்குமோ நிலைக்காதோ என்கிற பயத்தை யார் சுமப்பது? விவரம் தெரிந்தவரா, தெரியாதவரா? பழைய காரை விற்கிறவருக்கு இன்ஜின் ரிப்பேர் என்று தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. சொல்லாமல் விற்றால் அதற்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவன் தோளில்தான் தெரியாமையின் நஷ்டம் இறங்கவேண்டும்.

அதே அளவுகோல் மறுபக்கமும் செல்லும். அப்பா உத்தேசத்தைக் கூட்டிச் சொல்லி அதிகமாகக் கொடுத்துவிட்டார், கடைசியில் வருமானம் அவ்வளவு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் திருப்பிக் கேட்கலாமா? லெட்ஜரில் இரண்டும் ஒன்றுதான், பற்றை வரவாக எழுதினால் போயிற்று. ஆனால் அவளுக்கு அது அதிகப்படி என்று தெரிய வழியே இல்லை. வந்ததை வாங்கிச் சமைத்தாள், குழந்தை சாப்பிட்டது. சாப்பிட்டதைத் திருப்பிக் கேட்க முடியாது. அதே சமயம் உடம்புக்கு முடியாமலோ வேலை போயோ கஷ்டப்படுகிற அப்பா, "என்னால இவ்வளவு முடியாது" என்று அன்றைக்கே சொல்ல ஒரு ஜன்னல் திறந்திருக்கவேண்டும். போய்ச் சொன்னால் அன்றே காதில் வாங்கவேண்டும். அதைச் செய்யாமல் அவரைக் கடனில் முக்குகிற சட்டமும் சட்டமில்லை.

கனடாவில் ஒரு வழக்கு. ஓர் அப்பா தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார். அதை வைத்தே ஜீவனாம்சம் நிர்ணயமாகிப் பல வருஷம் ஓடியது. மகள் வளர்ந்து பெரியவளான பிறகு, 2015-ல்தான் அம்மா கோர்ட்டுக்குப் போனார். "இப்போது அவள் குழந்தையே இல்லையே, எதற்கு ஜீவனாம்சம்?" என்பது எதிர்த்தரப்பின் வாதம். வழக்கு மேலே மேலே போய், பழைய பாக்கிக்காக 23,000 டாலர் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2020-ல் கனடா உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமானம் ஏறும்போதே கடமையும் ஏறுகிறது, யாரும் வந்து கேட்கவில்லை என்பதால் அது இறங்குவதில்லை என்பதை 2006-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்குப் பிடித்த தீர்ப்பு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அந்த 23,000 டாலர் யாருக்குப் போனது? அது தேவைப்பட்ட சின்னப்பெண் அப்போது எங்கேயும் இல்லை. நியாயம் கிடைத்தது, அவளுடைய விலாசத்துக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊர் நிலவரம்? இங்கே சரிக்கட்டும் ஏற்பாடே கிடையாது. முதல் உத்தேசத்தை நீதிபதி போடுகிறார். மனு தாக்கலாகும் வரை பிசினஸ்மேனாக இருந்தவர், தாக்கலான மறுநாள், "எனக்கு வேலையே இல்லைங்க, அண்ணன் வீட்டுல சாப்பிடறேன்" என்று நிற்பது குடும்ப நீதிமன்ற வக்கீல்களுக்குச் சலித்துப்போன காட்சி. 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கிற இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று சொல்லியது. பெரிய முன்னேற்றம். ஆனால் தொகை நிர்ணயமான பிறகு சம்பளம் இரண்டு மடங்கானால்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127-வது பிரிவு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 146-வது பிரிவு, தொகையை மாற்றக் கேட்டு மனுப் போடலாம் என்கின்றன. போடவேண்டியது யார்? சம்பளம் ஏறியது தெரியாத அந்தப் பெண். வக்கீல் ஃபீஸ், வாய்தா, லீவு எல்லாம் அவள் கணக்கில். ஆஸ்திரேலியாவில் கணக்கு தாமதமாகச் சரியாகிறது. இங்கே அவள் போய்த் தட்டாவிட்டால் சரியாவதே இல்லை.

சட்டத்தை மாற்றுவது பார்லிமென்ட் வேலை. வட்டியை அபராதக் கணக்கில் சேர்க்காமல் குழந்தைக்கே கொடுக்கச் சொல்லலாம். ரிட்டர்ன் வரும் வரை காத்திருக்காமல் மாசச் சம்பள விவரத்தை நேராக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். செய்யட்டும். ஆனால் எந்தச் சட்டமும் பிப்ரவரி மாசத்து அந்த ஒரு நாளுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கான்ட்ராக்ட் கிடைத்தது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பிரிந்த கணவன் மனைவிக்கு ஆயிரம் மனஸ்தாபம் இருக்கும். யார் மேல் தப்பு என்று ஊரே பட்டிமன்றம் நடத்தலாம். அந்தச் சண்டையை அப்படியே வைத்துக்கொண்டுகூட ஒரு காரியம் செய்யலாம். அட்வான்ஸ் பேங்க்கில் விழுந்த அன்றைக்கு அலுவலகத்துக்கு ஒரு போன். "நான் ஜூலையில சொன்னது அப்போ சரி. இப்போ நிலைமை மாறிடுச்சு, எழுதிக்குங்க." இரண்டு நிமிஷம் ஆகும். அந்த வாரமே நீச்சல் கிளாஸுக்கு ஃபீஸ் கட்டலாம். பையனுக்கு இன்னும் எட்டு வயசுதான்.